மனேஹார் முடியட்டும்

சாயங்காலம் ஏழு மணி ஆனால் போதும், அந்த வீட்டில் ஒருத்திக்குத் தலைவலி தொடங்கிவிடும். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். பகல் முழுக்க, மூச்சை இழுங்க, புடிங்க, அசையாதீங்க, இப்ப விடலாம் என்று முன்பின் தெரியாதவர்கள் நெஞ்சுக்கெல்லாம் உத்தரவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால், வீட்டுக்காரர் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஃபோனை ஸ்பீக்கரில் வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டிருப்பார். அந்தப் பக்கம் மகள். இந்தப் பக்கம், ரிட்டையர் ஆகிற வயதில் ஸ்பானிஷ் படிக்கிற தகப்பன்.

மனேஹோ, மனேஹாஸ், மனேஹா என்று ஆரம்பிப்பார். மனேஹார் என்றால் வண்டி ஓட்டுவது. நான் ஓட்டுகிறேன், நீ ஓட்டுகிறாய், அவன் ஓட்டுகிறான் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டே போக வேண்டியதுதான். நடுவில் யாராவது கூப்பிட்டுவிட்டால் தொலைந்தது, மறுபடி மனேஹோவிலிருந்துதான் கிளம்புவார். நிகழ்காலம் முடிந்தால் இறந்தகாலம். அதுவும் ஒன்றா இரண்டா? ஓட்டி முடித்துவிட்டு இறங்கிப் போன இறந்தகாலம் ஒன்று, அப்போதெல்லாம் ஓட்டிக்கொண்டிருந்தோம் என்று இழுத்துக்கொண்டே போகிற இறந்தகாலம் இன்னொன்று. அந்த இழுவையில், நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்தோம் என்பதற்கு மனேஹாபாமோஸ் என்று சொல்ல வேண்டும். அவர் மனேஹாமோபாஸ் என்பார். ஒரு நாள் தவறாமல் அதே இடத்தில், அதே மோபாஸ். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். "பாமோஸ்ப்பா, பாமோஸ்!" என்று திருத்துவாள். இவளும் அடுப்படியிலிருந்து, மனதுக்குள், பாமோஸ் பாமோஸ் என்று பல்லைக் கடிப்பாள். கேட்டுக் கேட்டு அவளுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அந்த மனுஷனுக்கு மட்டும் ஏறவில்லை.

இவ்வளவும் எதற்கு? மகள் வேறொரு நகரத்தில் வேலை பார்க்கிறாள், ஸ்பானிஷும் அங்கேதான் கற்றுக்கொண்டாள். அங்கே ஒரு பல் டாக்டரைப் பிடித்துப் போய்விட்டது. தங்கமான பையன். ஒரு தடவை வீட்டுக்கு வந்தபோது சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனான், அதிலேயே இவள் கவிழ்ந்துவிட்டாள். வீட்டுக்காரரும் பையன் ஒழுங்கா இருக்கான் என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிய விஷயம். சிக்கல் என்னவென்றால், பையனைப் பெற்றவர்களுக்கு ஸ்பானிஷைத் தவிர வேறு பாஷை தெரியாது. பையனின் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். பெண்ணைப் பெற்றவர் தன் வாயால் எங்களிடம் சம்மதம் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், பிறகு தேதி வைப்போம் என்றாள். நியாயமான ஆசைதானே? நான் பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்கிறேன் என்று மகள் சொன்னதற்கு, இவர் மீசையைத் தடவிக்கொண்டு, பெண்ணுடைய கல்யாணப் பேச்சைப் பெண்ணே மொழிபெயர்த்தால் நன்றாகவா இருக்கும், நானே படித்துப் பேசுகிறேன், கொஞ்சம் டைம் கொடு என்றுவிட்டார்.

கொடுத்தாயிற்று. அதற்குள் ஒரு மழைக்காலம் வந்து போய், வெயில் வந்து, அடுத்த மழைக்கே மேகம் கட்டிவிட்டது.

அவர் பிழைப்பு டிரைவிங் ஸ்கூல். எல் போர்டு மாட்டிய சின்ன கார், இவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக், மேலே கூடுதலாக ஒரு கண்ணாடி. அந்தத் தொழிலில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒன்று முழுசாக வந்தால்தான் அடுத்தது. ஹாஃப் கிளட்ச் கைக்கு வராதவன் ரோட்டைக் கண்ணால் பார்க்க முடியாது. கட்டின பெண்டாட்டியே ஒரு காலத்தில் அவரிடம் கற்றுக்கொள்ளப் போய், ரிவர்ஸ் இன்னும் படியவில்லை, படியவில்லை என்று மைதானத்திலேயே சுற்றிச் சுற்றி, கடைசியில் வெறுத்துப்போய் விட்டுவிட்டாள். இன்றைக்கும் அவளுக்கு பஸ்தான். ஸ்பானிஷுக்கும் அதே சட்டம். ஒரு காரில் ஒழுங்காகப் பழகினவன் எந்தக் காரையும் ஓட்டுவான், அந்த மாதிரி ஒழுங்கான ஒரு வினைச்சொல்லை முழுக்கக் கற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் அதே தடத்தில் வந்துவிடும் என்றார். மகளுக்கு அன்றைக்கு ஒரே குஷி. அப்பா இவ்வளவு அக்கறையாக ஒன்றைக் கேட்டு அவள் பார்த்ததே இல்லை.

அக்கறை முற்றிப்போய் வீட்டை உலுக்கியது. எதிர்காலம் வந்தது. வண்டி இருந்தால் ஓட்டுவேன் என்கிற ரகம் வந்தது. நீ ஓட்டு, நீங்கள் ஓட்டுங்கள் என்கிற கட்டளை வந்தது. அதற்கப்புறம்தான் வினையே. ஓட்டவேண்டுமே என்று ஆசைப்பட்டால், ஓட்டுவானோ என்று சந்தேகப்பட்டால், ஓட்டிவிடப் போகிறானே என்று பயந்தால், அதற்கெல்லாம் வினைச்சொல் வேறு வேஷம் போடுமாம். மனேஹே, மனேஹேஸ், மனேஹே. ஆசைக்கும் பயத்துக்கும் ஒரே வேஷமா என்று இவள் கேட்டதற்கு, உனக்குப் புரியாது, பேசாமல் இரு என்றார். ஆமாம், இவளுக்குத்தான் புரியாது!

அந்தப் பாடமாவது பாடமாக நடந்ததா? கால்வாசி மனேஹார், முக்கால்வாசி மகளின் வெட்டிப் பேச்சு. வீட்டு ஓனர் குழாய் ரிப்பேருக்கு இழுத்தடிக்கிற கதை, ஆபீஸில் மேனேஜர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே திட்டுகிற கதை. இவர் ம், ம் என்று கேட்டுவிட்டு, சரி, விட்ட இடத்திலிருந்து, என்பார். மறுபடி மோபாஸ். இவளுக்கு வந்த ஆத்திரத்துக்குக் கரண்டியைத் தூக்கி எறியலாம் போலிருக்கும்.

போன வாரம் நடுப்பகலில், ஈயக் கவசம் மாட்டி அடுத்த நோயாளியைக் கூப்பிடப் போன நேரத்தில், மகளிடமிருந்து ஃபோன். வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை. இவள் கவசத்தோடேயே வராந்தாவுக்கு ஓடினாள்.

"அப்பாவுக்கு இதுல இஷ்டம் இல்லம்மா," என்றாள் மகள். குரலில் அழுகை இல்லை, அதுதான் இவளை பயமுறுத்தியது. "வேணாம்னு நேரா சொல்ல முடியலை, அதான் இழுக்கறாரு. ஒரே ஒரு வெர்ப்பைக் கத்துக்க எந்த மனுஷனுக்கும்மா இவ்வளவு நாள் ஆகும்? நானும் விளையாட்டு விளையாட்டா இருந்துட்டேன். இனிமே முடியாது. வர்ற வெள்ளிக்கிழமை அவங்க வீட்டுக்குப் போறோம். எங்கப்பா வரமாட்டாரு, நீங்க காத்திருக்காதீங்கன்னு சொல்லிட்டு, மாசக் கடைசில நாங்களே ரிஜிஸ்டர் பண்ணிக்கறோம். அவர்கிட்ட நீ எதுவும் சொல்லாதே. அந்த வெள்ளிக்கிழமையிலேர்ந்து ஏழு மணிக்கு ஃபோன் வராது, அவ்வளவுதான்."

இவள் கெஞ்சினாள், கத்தினாள், அப்பாவுக்கு மூளையே அவ்வளவுதான்டி, மழுங்கிப்போன மனுஷன், வேணும்னு பண்ணலை என்று சத்தியம் செய்தாள். மகள் கேட்கவில்லை. உள்ளே போய் மூச்சை இழுங்க என்று சொல்லிவிட்டு, விடலாம் என்று சொல்ல மறந்துபோய், அந்த நோயாளிப் பெரியவர் முகம் சிவந்து கையைக் காலை ஆட்டின பிறகுதான் இவளுக்குச் சுய நினைவு வந்தது. ஒற்றைப் பெண். அவள் கல்யாணத்தை ஃபோட்டோவில் பார்க்கப் போகிறோம். எதனால்? ஒரு மோபாஸினால்.

வெள்ளிக்கிழமை டியூட்டி முடிந்து வெளியே வந்தால் பஸ் வரவில்லை. வேறு வழியில்லாமல் அவருக்கு ஃபோன் செய்தாள். பக்கத்தில்தான் இருக்கிறேன், வண்டியில் ஸ்டூடண்ட் இருக்கிறது, பின்னால் ஏறிக்கொள் என்றார். ஸ்டூடண்ட் ஒரு தையல்கடைக்காரி. ஸ்டியரிங்கைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் ஓட்டினாள். வீட்டுக்கு நாலு தெரு இருக்கும்போது, மேடான ஒரு சிக்னலில் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. பச்சை விழுந்தது. மறுபடி ஆஃப். பின்னால் லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. தையல்கடைக்காரி சாவியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

இவர் அசையவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஹாரனை விடுங்கம்மா, அவன் பொழுதுபோகாம அடிக்கறான், நாம நம்ம கணக்குப்படி போவோம் என்றார். தையல்கடைக்காரியும் தலையை ஆட்டி, சரி சார், சொல்லுங்க என்றாள். இவர் சொல்ல ஆரம்பித்தார். மனேஹோ, மனேஹாஸ், மனேஹா. அவள் கால் கிளட்ச்சிலிருந்து அந்தத் தாளத்துக்கு அங்குலம் அங்குலமாக எழும்பியது. பின்சீட்டில் இருந்தவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடப்பாவி மனுஷா, இதைத் தொழிலிலும் கொண்டுவந்து நுழைத்துவிட்டாயா? இப்போது மோபாஸ் வரும், அந்தப் பெண் வண்டியை லாரியில் முட்டப்போகிறாள் என்று முன்சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

வரவில்லை. மனேஹாபா, மனேஹாபாஸ், மனேஹாபா, மனேஹாபாமோஸ் என்று வெண்ணெயில் கத்தி இறங்கினாற்போல் போனது. எதிர்காலம் போனது. இருந்தால் ஓட்டுவேன் போனது. வண்டி மேட்டில் ஏறி சிக்னலைத் தாண்டிய பிறகும், பழக்க தோஷத்தில், ஆசை, சந்தேகம், பயம் எல்லாவற்றையும் ஒரு சறுக்கல் இல்லாமல் சொல்லி முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார். எங்க எல்லாருக்கும் சார் இப்படித்தாங்க சொல்லிக் குடுக்கறாரு, போன மழைக்காலத்துல சேர்ந்தவங்களுக்கும் இதேதான் என்று தையல்கடைக்காரி கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். கூடுதல் கண்ணாடியில் அவரும் பின்னால் பார்த்தார். பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போயிற்று.

தையல்கடைக்காரி தன் கடை வாசலில் இறங்கிக்கொண்டாள். கார் அங்கேயே நின்றது. அவர் முன்னால், இவள் பின்னால். திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிச்சல் இல்லை.

"பாமோஸ் இன்னைக்கு நல்லா வந்துதே," என்றாள் இவள்.

அவர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார், வண்டி என்னவோ ஓடிக்கொண்டிருப்பது போல. அதற்குமேல் இவள் பிடித்துக்கொண்டாள். எத்தனை மாதமாகத் தெரியும், எதற்கு இந்த நாடகம், பெற்ற பெண்ணிடம் தெரியாத மாதிரி நடிக்கிற அளவுக்கு என்ன கேடு வந்தது, அந்தப் பையன் பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று, ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்ததைக் கொட்டித் தீர்த்தாள். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

"பையனைப் பிடிக்காமலா," என்றார் கடைசியில். "எல்லாம் போன மழையிலயே வந்துடுச்சு. வந்துடுச்சுன்னு சொன்னா பாடம் முடிஞ்சிடுமில்ல? அப்புறம் அவ என்கூட எதுக்குப் பேசுவா?"

முன்பெல்லாம் மகள் கூப்பிட்டால் இவளோடு ஒரு மணி நேரம் பேசுவாள். நடுவில் அவர் கைக்கு ஃபோன் போகும். சாப்பிட்டியா? சாப்பிட்டேன்ப்பா. உடம்பு நல்லா இருக்கா? நல்லா இருக்குப்பா. இந்தா, அம்மாகிட்ட குடுக்கறேன். முடிந்தது தகப்பன் மகள் உறவு. ஓனர் கதையும் மேனேஜர் மூக்கும் அவர் காதில் நேராக விழுந்ததெல்லாம் இந்த மனேஹார் வந்த பிறகுதான். தெரியாமலா இத்தனை நாள் இருந்தாள்? கண்ணெதிரே நடந்தது. அவளுக்கு அழுகையும் வந்தது, அவர் பின்மண்டையில் ஒன்று போடலாம் போலவும் வந்தது.

"நல்லா கேட்டுக்கங்க," என்றாள். "இன்னைக்கு அவ அந்த வீட்டுலதான் இருக்கா. எங்கப்பா வரமாட்டாருன்னு சொல்லப் போயிருக்கா. நீங்க வேணாம்னு சொல்றதா நினைச்சுட்டா."

அவர் இப்போதுதான் திரும்பினார். "நானா? நான் எப்ப வேணாம்னு சொன்னேன்?"

"வேணும்னு எப்ப சொன்னீங்க?"

வீட்டுக்கு வந்தார்கள். ஏழு மணி ஆயிற்று. நாற்காலி ஜன்னலோரம் இருந்தது, ஃபோன் அடிக்கவில்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அது தானாக அடிக்காது, நீங்கதான் அடிக்கணும் என்றாள். மகள் நம்பர் அவருக்கு ஃபோனில் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவராக அவளைக் கூப்பிட்டதே கிடையாது. வாயில் வந்ததைச் சொல்லித் திட்டிக்கொண்டே இவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டாள் என்று இவள் நினைத்த நேரத்தில் எடுத்தாள்.

"பாப்பா, சம்பந்தியம்மாகிட்ட குடு," என்றார் அவர்.

அந்தப் பக்கம் ஏதோ உருளுகிற சத்தம், கசமுசாவென்று பேச்சு, கடைசியில் ஓர் அம்மாள் குரல், தயங்கித் தயங்கி. இவர் எழுந்து நின்றுவிட்டார். ஒரு வினைச்சொல்லை அதன் ஆணிவேர் வரை கற்ற மனுஷனுக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் கைகொடுக்கவில்லை. வண்டி ஓட்டுவதைப் பற்றிச் சம்பந்தியம்மாளிடம் என்ன பேசுவது? புவேனாஸ் தார்தேஸ், செஞோரா என்று வணக்கம் சொன்னார். அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஸி," என்றார். ஆமாம் என்று அர்த்தம். அந்த அம்மாள் பேசாமல் இருக்கவே, கேட்கவில்லையோ என்று இன்னும் உரக்க, "ஸி, செஞோரா, ஸி, ஸி," என்றார். இத்தனை மாதம் எந்தப் பாடத்தின் வாசலில் காத்துக் கிடந்தார்களோ, அந்தப் பாடத்தில் ஒரு சொல்கூட இதற்குத் தேவைப்படவில்லை. இவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த அம்மாள் கடகடவென்று என்னென்னவோ சொன்னாள். நடுவில் சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள், பின்னால் ஓர் ஆண் குரலும் சேர்ந்துகொண்டது. புரிந்ததா புரியவில்லையா, இவரும் அழுதுகொண்டே கிராசியாஸ், கிராசியாஸ் என்று நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஃபோன் மகள் கைக்குப் போனது.

அவளுக்கு சந்தோஷத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. இந்த ஒரு வார்த்தைக்கா இவ்வளவு நாள் என்று கேட்டாள். இந்த வீட்டில் நான் எப்படித் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன் தெரியுமா என்று கேட்டாள். இவள் குறுக்கே விழுந்து எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். மழையிலேயே எல்லாம் வந்துவிட்டது என்றார். தப்பெல்லாம் வேண்டுமென்றே சொன்னது என்றார். நீ பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தேன் என்று அதையும் சொல்லிவிட்டார்.

"அதுக்கு சும்மா ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமேப்பா," என்றாள் மகள்.

"பண்ணிட்டு?" என்றார் அவர். "என்னத்தைப் பேசறது பாப்பா?"

அந்தப் பக்கம் மகள் தேம்பினாள். இந்தப் பக்கம் இவள் முந்தானையால் கண்ணை அழுத்திக்கொண்டாள். பிறகு மகள், மாசக் கடைசி ரிஜிஸ்டரைத் தள்ளிப் போடறோம், நீங்க ரெண்டு பேரும் வரணும், டிக்கெட்டைப் பாருங்க என்றாள். அப்புறம் கொஞ்சம் விறைப்பாக, நாளைக்கும் ஏழு மணிக்குக் கூப்பிடுங்க, ஆனா நீங்க கூப்பிடணும், நான் கூப்பிடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் அவர் ஆறரை மணிக்கே சட்டை மாற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முதல் பாடத்துக்கு வந்த ஸ்டூடண்ட் ஸ்டியரிங்கைப் பார்ப்பது போல ஃபோனைப் பார்த்தார். என்ன கேட்பது, என்ன கேட்பது என்று இவளைப் படுத்தி எடுத்தார். பெற்ற பெண்ணிடம் பேச உங்களுக்கு ஒரு எல் போர்டு வேறு மாட்ட வேண்டுமா என்று கத்திவிட்டு, இவள் சட்டியைத் தேய்க்கப் போய்விட்டாள்.

ஏழு மணிக்கு உள்ளே குரல் கேட்டது. "பாப்பா, அப்பா பேசறேன்," என்றார். சட்டி தேய்க்கிற கையை நிறுத்திவிட்டு இவள் காதைக் கொடுத்தாள். அவர் ஓனரைப் பற்றிக் கேட்பார் என்று பார்த்தாள், கேட்கவில்லை. "இன்னைக்கு எங்கிட்ட ஓட்டக் கத்துக்கற தையல்கடைக்காரம்மா, மேடு ஏத்திட்டாங்க," என்றார். "ஒரு வார்த்தை சொல்லலை நான். அவங்களே ஏத்திட்டாங்க. ஏத்திட்டு வண்டியை ஓரமா நிறுத்திட்டு அழுவறாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை, வெளியே போய் நின்னுட்டேன்." அதற்குமேல் அவரை நிறுத்த முடியவில்லை. கண் மங்கினதை மறைத்து டெஸ்டுக்கு வந்த கிழவர், மாமியாருக்குத் தெரியாமல் படிக்க வருகிற மருமகள், தனக்கே இந்த வருஷம் முழங்கால் விடாமல் வலிக்கிறது என்று எல்லாம் வந்தது.

முழங்கால் வலிக்கிறதா? இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எக்ஸ்ரே எடுக்கிறவளைக் கட்டிக்கொண்டு, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், இவ்வளவு நாளும் நொண்டிக்கொண்டு நடந்திருக்கிறார். கேட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று ஈரக் கையோடு வேகமாக வந்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும், ஒன்றும் கேட்காமல் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்டாள்.